கேட்டதும் சொன்னதும்: ரிக்‌ஷாக்காரனுக்கு எத்தனை முடிவுகள்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'தேநீர் விடுதி' என்ற சீன நாடகத்தைப் பற்றி நான்கு வரி சொல்லிவிட்டு, "அதை எழுதிய லாவோ ஷேயின் ஒரு நாவலை நான் பதின்மூன்று வருடம் தப்பாகவே நினைவில் வைத்திருந்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வினை அந்த வரியில் இருந்திருக்கிறது. வந்த கடிதங்களால் மேசை இழுப்பறையை மூட முடியவில்லை. அதனால் இந்த மாதம் கம்பனில் பாடபேதம் கேட்டவர்களும், கொய்யா மரத்துக் கம்பளிப்பூச்சிக்கு மருந்து கேட்டவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடம் முழுவதும் லாவோ ஷேக்குத்தான்.

*யார் இந்த லாவோ ஷே? சுருக்கமாகச் சொல்லவும்.*
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கோவில்பட்டி

சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராது என்று தெரிந்தே கேட்கிறீர்கள்.

1899 பிப்ரவரி 3 அன்று பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நகரத்தில், 'சின்ன ஆட்டுப்பட்டி' என்று பெயர் கொண்ட ஒரு சந்தில் பிறந்தவர். மஞ்சு இனம். மன்னர் கொடுக்கும் படியை நம்பி வாழ்ந்த சிப்பாய்க் குடும்பம். அன்று அடுப்பங்கரைத் தெய்வத்தை வானத்துக்கு வழியனுப்பும் நாள். மறுநாள் வசந்தம் தொடங்குகிறது. அதனால் 'வசந்தத்தைக் கொண்டாடு' என்ற பொருளில் ச்சிங்சுன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் கொண்டாட வேறு எதுவும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங்கில் புகுந்தன. அரண்மனைக் காவல் சிப்பாயான அப்பா அந்தச் சண்டையில் இறந்துபோனார். சந்து சந்தாகக் கொள்ளையடித்துக்கொண்டு வந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் இந்த வீட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். நாயைக் குத்திக் கொன்றார்கள். பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினார்கள். எடுக்க ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தால், அடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அழுதிருந்தால் இந்தப் பத்தி எழுதப்பட்டிருக்காது.

அம்மா ஊரார் துணியை வெளுத்துக் குழந்தைகளை வளர்த்தார். வருடம் முழுவதும் அந்தக் கைகள் சிவந்து, லேசாக வீங்கியே இருக்கும் என்று மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனவர் ஒரு பணக்கார மஞ்சு கனவான். தானம் செய்தே சொத்தைக் கரைத்து, கடைசியில் பௌத்தத் துறவியாகிப்போன மனிதர் அவர். பையன் சாப்பாடும் துணியும் இலவசமாகத் தரும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். 1918-இல், பத்தொன்பது வயதில், ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனான்.

புனைபெயரில் ஒரு வித்தை உண்டு. குடும்பப் பெயர் 'ஷூ'. அந்தச் சீன எழுத்தை நடுவில் பிளந்தால் இரண்டு எழுத்துகள் கிடைக்கும். சேர்த்துப் படித்தால் 'தன்னைத் துறத்தல்'. அதில் முதல் பாதியான 'ஷே'யை எடுத்துக்கொண்டு, முன்னால் 'கிழவர்' என்ற பொருளுள்ள 'லாவோ'வைப் போட்டுக்கொண்டார். கிழவருக்கு அப்போது வயது 27.

*ஒரு நாவலைப் பதின்மூன்று வருடம் தப்பாக நினைவில் வைத்திருந்தீர்களா? எப்படி?*
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

சொல்கிறேன். மானம் போகிற கதைதான்.

1978-இல் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து அட்டையில்லாத ஒரு தடித்த புத்தகத்தை மூன்று ரூபாய்க்கு எடுத்தேன். 1945-இல் அமெரிக்காவில் வந்த 'ரிக்‌ஷா பாய்'. மொழிபெயர்ப்பாளர் பெயர் இவான் கிங். உள்ளே அழகான கோட்டோவியங்கள். இரண்டு இரவில் முடித்தேன்.

ஷியாங்ஸு என்ற கிராமத்துப் பையன் பீக்கிங்குக்கு வருகிறான். நெடிய உடம்பு, வாய் திறக்காத சுபாவம். அவனுக்கு ஒரே ஆசை: சொந்தமாக ஒரு ரிக்‌ஷா. மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, 96 யுவானுக்கு ஒன்று வாங்குகிறான். தன் பிறந்த நாள் அவனுக்கு நினைவில்லை. ஆகவே வண்டி வாங்கிய நாளையே இரண்டு பேருக்கும் பிறந்த நாளாக வைத்துக்கொள்கிறான், தனக்கும் வண்டிக்கும். இந்த ஒரு இடத்துக்காகவே அந்த மூன்று ரூபாய் தகும்.

வண்டியையும் அவனையும் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இருட்டில் தப்பி வரும்போது அவர்கள் விட்டுப்போன மூன்று ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்து, 35 யுவானுக்கு விற்கிறான். 'ஒட்டக ஷியாங்ஸு' என்ற பட்டம் ஒட்டிக்கொள்கிறது. நாவலின் சீனத் தலைப்பும் அதுதான். மறுபடியும் மண் உண்டியலில் சேர்க்கிறான். ஒரு துப்பறியும் போலீஸ்காரன் அதை மிரட்டிப் பிடுங்குகிறான். ரிக்‌ஷா கொட்டகை முதலாளியின் மகள், 'புலி' என்று பெயரெடுத்தவள், வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு கர்ப்பம் என்று சொல்லி அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவள் காசில் இன்னொரு வண்டி வருகிறது. பிரசவத்தில் அவள் இறந்துபோக, சவ அடக்கத்துக்காக அந்த வண்டியும் போகிறது. பக்கத்து வீட்டில் ஷியாவ் ஃபூஸு என்று ஒரு பெண் இருக்கிறாள். பெயருக்குச் 'சின்ன அதிர்ஷ்டம்' என்று பொருள் சொல்லலாம். குடிகார அப்பன் அவளை ஒரு ராணுவ அதிகாரிக்கு விற்றவன். தம்பிகளின் சோற்றுக்காக அவள் உடம்பை விற்கிறாள். ஷியாங்ஸுவுக்கு அவள்மேல் உயிர். பிறகு அவள் விபசார விடுதிக்குப் போய்விட்டாள் என்று தெரிந்து தேடிக்கொண்டு ஓடுகிறான்.

நான் படித்த புத்தகத்தில், அவன் அவளைப் படுக்கை விரிப்போடு சேர்த்து வாரித் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் ஓடுகிறான். இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது, விடுதலை கிடைத்துவிட்டது, சுபம். நானும் நிம்மதியாகத் தூங்கினேன். பதின்மூன்று வருடம் யார் கேட்டாலும் "கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்" என்று சொல்லி, நாலு பேரைப் படிக்கவும் வைத்தேன்.

1991-இல் ஒரு நண்பர் டெல்லியிலிருந்து வேறொரு மொழிபெயர்ப்பை வாங்கிவந்தார். விழுப்புரம் ரயிலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயங்களைப் புரட்டினேன். ஷியாங்ஸு அந்த விடுதிக்குப் போகிறான். அவள் அங்கே இல்லை. பின்னாலிருக்கும் தோப்புக்குள் போய்த் தூக்கு மாட்டிக்கொண்டு செத்துப்போனாள் என்று ஒருத்தி சொல்கிறாள். நான் முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். முதலில் எனக்குத் தோன்றியது, பைண்டிங்கில் வேறு புத்தகத்தின் ஃபாரம் கலந்துவிட்டது என்றுதான். பக்க எண்ணைச் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. இவான் கிங் என்பது ராபர்ட் வார்ட் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரியின் புனைபெயர். போர்க்காலம், சோர்ந்துபோன வாசகர்கள், ஆகவே நல்ல முடிவாக ஒன்றைத் தானே எழுதிச் சேர்த்துவிட்டார். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகம் அமெரிக்காவில் 'மாதம் ஒரு புத்தகம்' மன்றத்தின் தேர்வாகி, அமோகமாக விற்றது. அவள் எந்தத் தோப்பில் தூக்கு மாட்டிக்கொண்டாளோ அதே தோப்புக்குள் அவளை உயிரோடு தூக்கிக்கொண்டு ஓடவைத்தாரே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ஒரு காற்புள்ளியை நகர்த்தவே ஆசிரியருக்குக் கார்டு போட்டுவிட்டுக் காத்திருந்த தொழில் எங்களுடையது.

உண்மையான நாவல் அந்தச் சாவோடும் நிற்பதில்லை. அதற்குப் பிறகு ஷியாங்ஸு கண்ணெதிரே அழுகுகிறான். பொய் சொல்கிறான், கடன் வாங்கி ஏய்க்கிறான், காசுக்காக ஆளைக் காட்டிக்கொடுக்கிறான், சவ ஊர்வலங்களில் கூலிக்குக் கொடி தூக்குகிறான். இதிலும் ஒரு திருப்பம் உண்டு. 1955-இல் பீக்கிங்கில் மறுபதிப்பு வந்தபோது, 23-ஆம் அத்தியாயத்தின் பிற்பாதியையும் 24-ஆம் அத்தியாயம் முழுவதையும் லாவோ ஷேயே வெட்டிவிட்டார். உழைப்பாளி இப்படிச் சீரழிவதாகக் காட்டுவது அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் சந்தைக்காக மாற்றினார், இன்னொருவர் காலத்துக்காகக் குறைத்தார். இரண்டாமவர் ஆசிரியர் என்பதால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், மனம் ஒப்பவில்லை.

*'லாவோ ஷே'யா, 'லாவ் ஷ'வா? சரியான உச்சரிப்பு எது?*
— வாசகர், ஈரோடு

இரண்டையும் கேட்டால் பீக்கிங்காரர் சிரிப்பார். பிந்தியதைக் கேட்டுக் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்.

*அவர் எங்கள் ஊரில் வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா?*
— வாசகி, சிங்கப்பூர்

உண்மை. அரை வருடம் போல.

1924-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கல்லூரிக்குச் சீன மொழி கற்பிக்கப் போனார். வருடச் சம்பளம் 250 பவுண்டு. அதில் அம்மாவுக்கும் அனுப்ப வேண்டும். ஆங்கிலம் பழகுவதற்காக டிக்கன்ஸைப் படிக்கத் தொடங்கி, நாமும் இப்படி எழுதினால் என்ன என்று மூன்று பென்னி நோட்டுப் புத்தகங்களில் முதல் நாவலை எழுதினார். உடனிருந்த எழுத்தாளர் ஷூ தீஷான் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஷாங்காய்க்கு அனுப்பச் சொன்னார். 1926-இல் பத்திரிகையில் தொடராக வந்தது. லண்டனில் அப்பாவும் மகனுமாக வந்து அவதிப்படும் இரண்டு சீனர்களைப் பற்றிய 'இரு மா-க்கள்' நாவலும் அங்கே எழுதியதுதான். அவர் குடியிருந்த செயின்ட் ஜேம்ஸ் கார்டன்ஸ் வீட்டில் 2003-இல் அவர் நினைவாக நீலப் பலகை பதித்திருக்கிறார்கள்.

1929-இல் ஊருக்குக் கிளம்பினார். ஐரோப்பாவைச் சுற்றியதில் காசு கரைந்து, கையிலிருந்தது சிங்கப்பூர் வரை டிக்கெட் எடுக்கத்தான் போதுமாக இருந்தது. இறங்கி, சீன உயர்நிலைப் பள்ளியில் வேலை தேடிக்கொண்டார். மனத்தில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் கான்ராடின் கதைகளில் தென்கடல் நாடுகளில் எப்போதும் வெள்ளைக்காரன்தான் நாயகன்; மற்றவர்கள் பின்னணியில் நிற்கும் மரங்கள். அதைப் புரட்டிப்போட்டு, காட்டைத் திருத்திய சீனர்களை நாயகர்களாக்கி எழுத ஆசைப்பட்டார். ஊர் ஊராகப் போய்ப் பார்க்கக் காசுமில்லை, நேரமுமில்லை. வகுப்பு முடிந்த பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதியது, குழந்தைகளை வைத்து ஒரு கதை: 'சின்னப் போவின் பிறந்தநாள்'.

உங்களுக்கு அது பிடிக்கும். கடைக்காரர் மகன் போவுக்கு ஒரு சிவப்புப் பட்டுத்துணிதான் பொக்கிஷம். தலையில் சுற்றினால் அவன் இந்தியன். இடுப்பில் கட்டினால் மலாய்க்காரன். பெரியவர்கள் வெளியே போன நேரத்தில் கொல்லைத் தோட்டத்தில் ஒரு கூட்டம் சேர்கிறது: இரண்டு மலாய்ச் சிறுமிகள், மூன்று இந்தியக் குழந்தைகள், ஃபூஜியன் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு குண்டுக் கான்டன் பையன். போவின் அப்பாவுக்கோ கான்டன்காரனைத் தவிர வேறு யாரையும் பிடிக்காது. இந்தியக் குழந்தைகள் தமிழர்களா என்று கேட்பீர்கள். கதையில் அவர்கள் இந்தியர்கள், அவ்வளவுதான். தலைப்பாகையை வைத்துப் பார்த்தால் பஞ்சாபிகள் என்றுதான் வழக்குத் தொடுப்பார்கள். நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

*'தேநீர் விடுதி'யை மேடையேற்ற ஆசை. எங்கள் குழுவில் பத்துப் பேர் இருக்கிறோம். முடியுமா?*
— நாடகக் குழு நடத்துபவர், தஞ்சாவூர்

நாடகத்தில் பாத்திரங்கள் எழுபது. ஆளுக்கு ஏழு. மீசைக்கு ஆகும் செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் செய்யுங்கள். மூன்று அங்கங்கள், ஒரே இடம்: பீக்கிங்கில் யூதாய் என்ற தேநீர் விடுதி. மன்னராட்சி நடந்த 1898, பிறகு குடியரசின் அதிபர் யுவான் ஷிகாய் செத்த பின் யுத்தப் பிரபுக்கள் அடித்துக்கொண்ட காலம், பிறகு ஜப்பான் தோற்ற பின் வந்த கோமிண்டாங் (தேசியக் கட்சி) காலம். ஐம்பது வருடத்தைக் காட்ட அரசர் வேண்டாம், படை வேண்டாம். சுவரில் ஒட்டிய ஒரு காகிதத்தைப் பாருங்கள்: "அரசியல் பேசாதீர்." முதல் அங்கத்தில் அது சாதாரண அளவில் இருக்கிறது. இரண்டாவதில் எழுத்து பெரிதாகிறது. மூன்றாவதில் இன்னும் பெரிது, இன்னும் அதிகம். பக்கத்தில் "தேநீருக்கு முன்பணம்" என்று இன்னொரு காகிதமும் வந்துவிடுகிறது. உங்கள் மேடையில் வேறெதுவும் சரியாக அமையாவிட்டாலும் அந்தக் காகிதங்களை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள்.

முதல் அங்கத்தில் ஒரு விவசாயி பதினைந்து வயது மகளைப் பத்து அவுன்ஸ் வெள்ளிக்கு விற்கிறான். வாங்குகிறவர் அரண்மனையில் வேலை பார்க்கும் விரையடித்த பணியாளர்; அவருக்கு மனைவி வேண்டுமாம். தரகன் அவளை 200 அவுன்ஸுக்குக் கைமாற்றுகிறான். பக்கத்து மேசையில் புறாவுக்காக ஒரு சண்டை நடக்கிறது. சாங் என்ற மஞ்சுக்காரர் "நம் ராஜ்ஜியம் முடிந்தது" என்று சொன்னதற்காக ஒற்றர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ராஜ்ஜியம் முடியக்கூடாது என்ற கவலையில் சொன்ன மனிதர் அவர்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். விடுதிக்காரர் வாங், காய்கறியும் வேர்க்கடலையும் விற்றுப் பிழைக்கும் சாங், தொழிற்சாலை வைத்து நாட்டைக் காப்பாற்றலாம் என்று நம்பி எல்லாவற்றையும் இழந்த சின். மூவரும் எழுபதைத் தொட்ட கிழவர்கள். சாங் வேர்க்கடலை கொண்டுவந்திருக்கிறார். கடிக்க யாருக்கும் பல் இல்லை. தன் நாட்டைத் தான் நேசித்ததாகவும் தன்னை யார் நேசித்தார்கள் என்றும் கேட்கிறார் சாங். பிறகு மடியிலிருந்து காகிதக் காசுகளை எடுக்கிறார். பிணத்துக்கு முன்னால் வீசுவார்களே, அந்தக் காசு. வேறு யார் யாருடைய ஊர்வலங்களிலோ பொறுக்கிச் சேர்த்தது. தங்களுக்கு வீச ஆளில்லை என்று, பாடை தூக்குபவர்களின் குரலில் கூவிக்கொண்டே, மூவரும் விடுதியைச் சுற்றி வந்து தங்களுக்குத் தாங்களே வீசிக்கொள்கிறார்கள். மற்ற இருவரும் போன பிறகு, வாங் உள்ளே போய்த் தூக்கு மாட்டிக்கொள்கிறார்.

இந்த முடிவும் லாவோ ஷே முதலில் எழுதியதல்ல! பீக்கிங் மக்கள் கலை நாடகக் குழுவில் வாங்காக நடித்த யூ ஷிஜி, "கிழவர்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, வாங் தானே தூக்கு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்?" என்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னார். லாவோ ஷே ஏற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்தார். அந்த நாடகமே அப்படிப் பிறந்ததுதான். அவர் முதலில் கொண்டுவந்தது வேறொரு நாடகம். அதில் ஒரு தேநீர் விடுதிக் காட்சி மட்டும் பிரமாதமாக இருந்தது. இயக்குநர் ஜியாவ் ஜூயின் முதலானோர் அதைச் சொன்னதும் மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார். 1957-இல் அச்சில் வந்து, 1958 மார்ச்சில் மேடையேறியது. ஆகவே முடிவை இன்னொருவர் மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை, மாணவியும் கவனிக்க. யூ ஷிஜி கேட்டார். இவான் கிங் கேட்கவில்லை.

*1949-இல் அமெரிக்காவிலிருந்து தானாகவே திரும்பியவர். ஆட்சியைப் புகழ்ந்து நாடகம் எழுதி 'மக்கள் கலைஞர்' பட்டம் வாங்கியவர். அவருக்காக ஏன் இப்படி உருகுகிறீர்கள்?*
— பேராசிரியர், சேலம்

உங்கள் கடிதத்தில் பாதி உண்மை. அதைத் தள்ள மாட்டேன். பிரசாரத்துக்கென்று எழுதிய நாடகங்கள் உண்டு. இன்று அவற்றை ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் படிக்கிறார்கள், அதுவும் பட்டத்துக்காக.

ஆனால் பட்டம் வாங்கித் தந்த 'டிராகன் தாடிச் சாக்கடை'யை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பீக்கிங்கின் தெற்கே, ஏழைகள் குடியிருந்த இடத்தில் ஓடிய நிஜமான சாக்கடை. மழை வந்தால் வீட்டுக்குள் வரும். குழந்தைகள் விழுந்து சாவார்கள். 1950-இல் புதிய நகராட்சி அதைத் தூர்வாரி மூடியது. ஊர் திரும்பிய மனிதர், பெரிய மனிதர்களின் தெருவை விட்டுவிட்டு இந்தச் சாக்கடையில் கை வைத்தார்களே என்று நெகிழ்ந்துபோனார். சந்தில், துணி வெளுப்பவர் மகனாக வளர்ந்தவர் நெகிழ்ந்ததை நீங்களும் நானும் மாடியிலிருந்து கேலி செய்யக்கூடாது.

'தேநீர் விடுதி'யில் புகழ்ச்சி எங்கே என்று தேடிப்பாருங்கள். பழையதை நினைத்து அழுகிறது என்றுதான் அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். 1963-இல் மறுபடி மேடையேற்றியபோது புரட்சியின் 'சிவப்பு இழை'யை ஆங்காங்கே தைத்துச் சேர்த்தார்கள். 1980-இல் மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று அந்த நாடகம் ஐரோப்பா போனபோது ஆசிரியர் இல்லை.

*1968-இல் அவருக்கு நோபல் பரிசு தர முடிவுசெய்து, அவர் இறந்தது தெரிந்ததும் கவாபாத்தாவுக்குக் கொடுத்தார்களாமே?*
— வாசகர், திருச்சி

அப்படித்தான் ஊரெல்லாம் சொல்கிறார்கள். 1968 பரிசு ஜப்பானிய எழுத்தாளர் கவாபாத்தாவுக்குப் போனது என்பது வரை எனக்குச் சம்மதம். மற்றதை நம்ப எனக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை.

*அவருடைய சொந்த நாவலையே ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்த்தார்கள் என்று படித்தேன். இது என்ன கூத்து?*
— நூலகர், மதுரை

கூத்தில்லை ஐயா. 'நான்கு தலைமுறைகள் ஒரே கூரையில்' என்ற பெரிய நாவல், ஜப்பானியர் பிடித்த பீக்கிங்கில் ச்சீ குடும்பம் பட்ட பாட்டைச் சொல்வது. அவர் பிறந்த அதே சின்ன ஆட்டுப்பட்டிச் சந்தில்தான் ச்சீ குடும்பத்தையும் குடிவைத்தார். போர்க்காலத் தலைநகரான சொங்ச்சிங்கில் 1944-இல் தொடங்கி, மூன்றாம் பாகத்தை நியூயார்க்கில் முடித்தார். அங்கே ஐடா ப்ரூயிட் என்ற அம்மையார் மொழிபெயர்ப்புக்கு உதவினார். சீனாவிலேயே பிறந்து வளர்ந்தவர். லாவோ ஷே பத்தி பத்தியாகச் சீனத்தில் வாசிக்க, ப்ரூயிட் கேட்டுக் கேட்டு நேரே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். அது சுருக்கப்பட்டு 1951-இல் 'மஞ்சள் புயல்' என்று வெளிவந்தது.

சீனத்தில் மூன்றாம் பாகம் பத்திரிகையில் பாதி வந்து நின்றது. மாவோ 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் மீதிக் கையெழுத்துப் பிரதி அழிந்தது. கடைசி 13 அத்தியாயங்கள் இல்லை. 1980-களில் 'மஞ்சள் புயலி'லிருந்து அவற்றைச் சீனத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்தார்கள். பிறகு ப்ரூயிட்டின் முழுத் தட்டச்சுப் பிரதி ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் கிடைக்க, 2017-இல் மறுபடி ஒரு முறை மொழிபெயர்த்தார்கள். பீக்கிங் பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததில் நிகரில்லாதவர் என்று பெயரெடுத்தவரின் கடைசி அத்தியாயங்களை, அவர் ஊர்க்காரர்கள் இன்னொருவர் நடையில் படிக்கிறார்கள். நியூயார்க்கில் அந்த அம்மாள் தட்டிய தாள்கள் மட்டும் இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. மொழிபெயர்ப்பாளர்களை மொத்தமாகத் திட்ட என்னால் முடியாமல் போவது இதனால்தான்.

*அவர் எப்படி இறந்தார்?*
— ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்

1966 ஆகஸ்ட் 23. உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையிலிருந்து வந்து சில நாட்களே ஆகியிருந்தன. பீக்கிங் இலக்கிய, கலைச் சங்க அலுவலகத்துக்குப் போனவரை, மற்றவர்களோடு செங்காவலர்கள், அதாவது கலாசாரப் புரட்சியின் மாணவர் படையினர், கன்பூசியஸ் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பீக்கிங் இசைநாடக உடைகளைக் குவித்துக் கொளுத்தி, நெருப்பைச் சுற்றி எல்லோரையும் மண்டியிட வைத்து அடித்தார்கள். இவருக்கு மண்டை உடைந்தது. நாடக உடையின் நீண்ட வெள்ளைக் கைத்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டார்கள். அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் அடி நிற்கவில்லை. நள்ளிரவு தாண்டி மனைவி ஹூ ஜியேசிங் வந்தார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூன்று சக்கர மிதிவண்டிக்காரரைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார்.

மறுநாள் காலை வெளியே கிளம்பும்போது சின்னப் பேத்தியிடம் "தாத்தாவுக்குப் போய்வாருங்கள் சொல்" என்றார். தைபிங் ஏரிக்கரையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் காலை உடலை ஏரியில் எடுத்தார்கள். வயது 67.

'நான்கு தலைமுறைகள்' இரண்டாம் பாகத்தில் ச்சீ குடும்பத்து மகன் தியான்யூ ஜவுளிக்கடைக்காரர், ஒருவர் வம்புக்கும் போகாதவர். ஜப்பானியர்கள் அவர் கழுத்தில் 'கள்ள வியாபாரி' என்று எழுதிய துணியை மாட்டித் தெருத் தெருவாக இழுத்துப்போகிறார்கள். விட்டதும் அவர் வீட்டுக்குப் போவதில்லை. நகரத்துக்கு வெளியே நடந்து, தண்ணீரில் இறங்கிவிடுகிறார். அதை எழுதி இருபது வருடம் ஆகியிருந்தது.

சாம்பலைக் குடும்பத்துக்குக் கொடுக்கவில்லை. 1978-இல் பட்டத்தையும் பெயரையும் திருப்பிக் கொடுத்து மரியாதை செய்தபோது, கலசத்துக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் பேனாவையும் தூரிகையையும் வைத்தார்கள். ஏரியைத் தூர்த்து மெட்ரோ ரயில் பணிமனை கட்டிவிட்டார்கள்.

*அம்மாவுக்கு 84 வயது, பார்வை போய்விட்டது. சாயங்காலம் 'ரிக்‌ஷா' நாவலை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்லிவருகிறேன். இருபதாம் அத்தியாயத்தில் இருக்கிறோம். "அந்தப் பெண்ணை அவன் கண்டுபிடித்துவிடுவானா?" என்று தினமும் கேட்கிறார். நான் கடைசிப் பக்கங்களை முன்னாலேயே பார்த்துவிட்டேன். எப்படிச் சொல்வது?*
— இல்லத்தரசி, நாகர்கோவில்

சகோதரி, உங்கள் கடிதத்தைக் கடைசியாகப் பிரித்தேன். மேலே இருப்பதையெல்லாம் அதற்குள் எழுதி முடித்துவிட்டேன், அடிக்க மனமில்லை.

மூர் மார்க்கெட் பிரதியை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம். அட்டை கிடையாது, கடைசித் தாளின் ஓரம் கிழிந்திருக்கிறது, எழுத்து எதுவும் போகவில்லை. பக்க ஓரங்களில் நான் பென்சிலால் எழுதிவைத்திருக்கும் வசவுகளை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.